‘வருத்தம்’ என்றால் யாழ்ப்பாணத்தில் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். ஓய்வு பெற்ற பின்னும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டில் பிறந்த பெறாமக்கள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்) கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே மருமகளாக வந்த பெண்கள் கேட்கிறார்கள். வைத்தியசாலைகளில் நோயாளருக்கும் வைத்தியருக்கும் நடுவே நின்று உரைபெயர்க்கும் இளையவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் பாதி ஒரே சொல்லைச் சுற்றி வருவதால், விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘எனக்கு வருத்தம்’ என்றால் என்ன பொருள்?

உடம்புக்கு ஏதோ நோய் என்று பொருள். நேற்று வந்த காய்ச்சலாக இருக்கலாம். பத்து வருடமாகக் குளிசை (மாத்திரை) குடிக்கும் இருதயக் கோளாறாகவும் இருக்கலாம். நோயாளரை ‘வருத்தக்காரர்’ என்கிறோம். அவரைப் பார்க்கப் போவதை ‘வருத்தம் பார்க்கப் போதல்’ என்கிறோம். ‘அப்பாவுக்கு வருத்தம் கடுமை’ என்று தொலைபேசியில் செய்தி போனால், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் விமான டிக்கெட் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வாக்கியத்தில் மனக்குறை எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

வன்னியிலும் கிழக்கிலும் இந்தப் பொருள் உண்டு. நான் வாழ்ந்து அறிந்த இடம் யாழ்ப்பாணம் என்பதால் இங்குள்ள வழக்கையே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் மனத்துயரம் அல்லவா? எது சரி?

இரண்டும் சரி. தமிழ்நாட்டில் ‘அவருக்கு என்மேல் வருத்தம்’ என்றால் மனத்தாங்கல். ‘அமைச்சர் வருத்தம் தெரிவித்தார்’ என்றால் செய்ததை எண்ணி மனம் நொந்ததாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளும் எழுத்தில் இந்தப் பொருளைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று இங்கே அச்சிட்டால் ஆசிரியர் குழுவுக்குக் காய்ச்சல் என்று யாரும் நினைப்பதில்லை. பேச்சில்தான் சொல் உடம்பின் பக்கம் முழுவதாகச் சாய்ந்திருக்கிறது.

‘யாழ்ப்பாணத்தார் சொல்லைப் பிழையாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. காரணத்தை அடுத்த விடையில் சொல்கிறேன்.

அப்படியென்றால் சொல்லின் பழைய பொருள் எது? நோயா, துயரமா?

இரண்டோடு முடிந்துவிடவில்லை. பழைய நூல்களில் துயரம் என்ற பொருளோடு, பல இடங்களில் இந்தச் சொல் உடலின் உழைப்பையும் அதனால் வரும் களைப்பையும் குறித்தது.

திருக்குறளின் 619 ஆம் குறள் எல்லாருக்கும் மனப்பாடம். ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ இங்கே மெய்வருத்தம் என்பது உடம்பு பட்ட பாடு. அந்தப் பாட்டுக்குரிய கூலியை முயற்சி கொடுத்தே தீரும் என்கிறார் வள்ளுவர். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது ‘ரீச்சர், வருத்தம் வந்தால் கூலி கிடைக்குமா?’ என்று கேட்கும். நல்ல கேள்வி. வீட்டில் கேட்ட சொல்லைப் புத்தகத்தில் கண்ட பிள்ளை வேறு என்ன கேட்கும்? அந்தக் கேள்வியில் இருந்துதான் நான் பாடத்தைத் தொடங்குவேன்.

468 ஆம் குறள் இன்னும் தெளிவானது. ‘ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்.’ முறையான வழியில் முயலாத முயற்சி, பலர் துணை நின்றாலும் பழுதாகிவிடும். இங்கே வருந்துதல் என்றாலே முயலுதல்தான். நல்வழியில் ஔவையார் சொல்லும் ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்பதும் அப்படியே. எவ்வளவு பாடுபட்டு அழைத்தாலும் வராதவை வரமாட்டா. இன்றும் கலியாண வீட்டுக்கு ‘வருந்தி அழைத்தார்கள்’ என்று சொல்கிறோம். அழைத்தவர் அழுதுகொண்டா அழைத்தார்? விடாமல், வற்புறுத்தி, சிரமம் எடுத்து அழைத்தார்.

தேவாலயச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் மத்தேயு நற்செய்தியின் வாசகத்தைப் பாருங்கள். ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்.’ கவலையில் இருப்பவர்களை அழைக்கும் வாசகம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து வரும் ‘இளைப்பாறுதல் தருவேன்’ என்ற சொற்கள் பொருளைக் காட்டிவிடுகின்றன. உழைத்துக் களைத்தவருக்குத்தானே இளைப்பாறுதல்?

ஆகவே சொல்லின் வேர் உடம்பில் இருக்கிறது. உடம்பு படும் பாட்டிலிருந்து தமிழ்நாட்டில் அது மனம் படும் பாட்டுக்குப் போனது. இங்கே உடம்பு படும் நோய்க்குப் போனது. இரண்டு பயணங்களில் யாழ்ப்பாணத்துப் பயணம்தான் குறுகியது என்பது என் எண்ணம். உடம்பைவிட்டு அது வெளியே வரவில்லை.

பழைய நூல் எதிலாவது வருத்தம் என்றால் நோய் என்று நேராகச் சொல்லியிருக்கிறதா?

அப்படிச் சொல்லி எங்கள் வழக்குக்குப் பழைமை தேட நான் விரும்பவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இளிவரல் (இழிவு உணர்ச்சி) பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும் நூற்பா ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையோடு’ என்று தொடங்குகிறது. பிணியும் வருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒன்றென்றால் தனித்தனியே எண்ணவேண்டிய தேவை இல்லை. ஆகவே நோய் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. பின்னால் வந்தது என்பதால் அது குறைந்தது ஆகாது.

இந்த வேறுபாட்டால் உண்மையில் தொல்லை வருமா?

வரும். என் வீட்டிலேயே வந்தது.

1990-களின் தொடக்கத்தில், இங்கிருந்து இடம்பெயர்ந்து போன எத்தனையோ குடும்பங்களைப்போல நாங்களும் திருச்சியில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவுக்கு நீண்டநாள் தொய்வு. தமிழ்நாட்டில் இழுப்பு என்பார்கள், ஆஸ்துமா என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஒரு விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி இருந்தார். நான் கீழே ஓடிப்போய் வீட்டுக்கார அக்காவின் கதவைத் தட்டி, ‘அக்கா, அம்மாவுக்குக் கடும் வருத்தம்’ என்றேன்.

அவர் பதறவில்லை. முகம் கனிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். அம்மாவின் பக்கத்தில் இருந்து, இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ‘எதற்கம்மா இத்தனை வருத்தம்? யார் என்ன சொன்னார்கள்? ஊரை நினைத்துக்கொண்டீர்களா?’ என்று கேட்டார்.

அம்மாவால் பேச முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அந்த அக்கா அதைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அம்மாவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குவதையும் கழுத்துக் குழி உள்ளே இழுபடுவதையும் கண்டார். ‘ஐயையோ, இது மூச்சுத் திணறல். உடம்பு சரியில்லை என்று சொல்லக் கூடாதா பெண்ணே!’ என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி ஓட்டோ பிடித்து வந்தவரும் அவரேதான். ஊசி போட்டு, மூச்சு சீராகி, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சில நாட்களின் பின் இதைச் சொல்லி நான் குறைப்பட்டபோது அம்மா என்னைத் தடுத்தார். ‘வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. மருந்து குடித்தாயா என்று எல்லாரும் கேட்டீர்கள். ஊரை நினைக்கிறாயா என்று அந்தப் பிள்ளை மட்டும்தான் கேட்டாள்’ என்றார்.

இந்தச் சொல்லைப் பற்றி நான் அக்கறையோடு எழுதத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அந்த அக்கா சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டார். ஆனால் எங்களில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். அம்மாவுக்கு இரண்டு வருத்தங்களும் இருந்தன.

நோய், பிணி, சுகயீனம், ஏலாமை, வருத்தம் எல்லாம் ஒன்றுதானா?

ஒரே ஆளைக் குறிக்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருக்கிறது.

‘சுகயீனம்’ கடிதத்தின் சொல். பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்குத் தகப்பன் எழுதும் துண்டில் ‘சுகயீனம் காரணமாக மகன் நேற்றுச் சமூகமளிக்கவில்லை’ என்றுதான் இருக்கும். அலுவலகங்களில் சுகயீன விடுமுறை. மரண அறிவித்தலில் ‘சில காலம் சுகயீனமுற்றிருந்தார்’. வீட்டுக்குள் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

‘ஏலாது’ என்பது இயலாது என்பதன் வழக்கு. ‘அவருக்கு ஏலாது’ என்றால் சோர்ந்து கிடக்கிறார், எழும்பி நடமாட முடியவில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொல்லும் சொல் இது. முதுமைக்கும் இதையே சொல்கிறோம்.

‘நோ’ என்பது வலி. முழங்கால் நோ, நாரி நோ. நாரி என்றால் இடுப்பின் பின்புறம். இந்தச் சிறு சொல்லிலிருந்துதான் நோய் என்ற பெரிய சொல்லும் வருகிறது. நோய் பழைய தமிழில் உடம்பையும் மனத்தையும் சேர்த்தே பிடித்திருந்தது. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற 948 ஆம் குறளில் அது வைத்தியர் தேடும் நோய். அதே நூலின் 1227 ஆம் குறளில் ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ என்று வரும்போது அது பிரிந்திருப்பவளின் ஏக்கம். காலையில் மொட்டாக இருந்து, பகலெல்லாம் முதிர்ந்து, மாலையில் விரிந்துவிடுகிறது. தனிமையில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், விளக்கு வைக்கும் நேரம்தான் தாங்க முடியாத நேரம் என்பார்கள். வள்ளுவர் காதலுக்குச் சொன்னது எல்லாப் பிரிவுக்கும் பொருந்துகிறது.

‘பிணி’ கட்டு என்ற பொருளுள்ள சொல். பிணித்தல் என்றால் கட்டுதல். ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்’ என்று நல்ல பேச்சைச் சொல்வதும் அதே வேர். ஆளைக் கட்டிப்போடுவது பிணி. பேச்சில் இதை நாங்கள் எடுப்பதில்லை. ஆனால் பசிப்பிணி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு. பசியை நோயாகவே கண்ட காப்பியம் மணிமேகலை. அவளுக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கும் முன்னே புறநானூற்றின் 173 ஆம் பாட்டு, பண்ணன் என்ற வள்ளலைப் ‘பசிப்பிணி மருத்துவன்’ என்று அழைத்தது. சோறு கொடுத்தவனுக்கு மருத்துவன் என்று பெயர். இதைவிட அழகான பட்டம் தமிழில் எனக்குத் தெரியாது.

எந்தெந்த நோயை வருத்தம் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

சீனி வருத்தம், இருதய வருத்தம், மூட்டு வருத்தம், புற்றுநோய் வருத்தம். சீனி வருத்தம் என்பது நீரிழிவு, பழையவர்கள் சலரோகம் என்பார்கள். தமிழ்நாட்டில் சொல்லும் சர்க்கரை நோய் இங்குள்ளவர்களின் காதுக்குப் புதிதாக இருக்கும். இங்கே சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடும் வெல்லம். தேநீரில் கலக்கும் வெள்ளைப் பொருளுக்குச் சீனி என்றே பெயர்.

அம்மாள் வருத்தம் என்று ஒன்று உண்டு. உடம்பில் கொப்புளம் போடும் நோய்களுக்கு அது பெயர். அம்மாள் என்பது அம்மன். வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மாள் வருத்தம் என்று தெரிந்து, அயலவர் படலையடியிலேயே (வேலி வாசலிலேயே) நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தொற்றைத் தள்ளி வைக்கும் அறிவும் பக்தியும் அந்த ஒரு கொத்து வேப்பிலையில் சேர்ந்தே இருந்தன.

சின்ன நோய்களுக்கு வருத்தம் சேர்ப்பதில்லை. தடிமன் (தமிழ்நாட்டில் சளி, ஜலதோஷம்), தலையிடி, சத்தி (வாந்தி), வயிற்றோட்டம் எல்லாம் தம் பெயரிலேயே நடமாடும். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தால் போய்விடும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அது வருத்தம் ஆகாது. வேர்க்கொம்பு என்றால் சுக்கு.

மனத்துயரத்தை யாழ்ப்பாணத்தார் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள்?

முதலில் ‘கவலை’. தமிழ்நாட்டில் கவலை வரப்போவதை எண்ணிப் படும் கலக்கம். இங்கே அது நடந்து முடிந்ததற்கும் உண்டு. ‘அவர் செத்தது எனக்குச் சரியான கவலை’ என்றால் துக்கம். வரப்போவதை எண்ணிக் கலங்குவதற்கு நாங்கள் எடுப்பது ‘யோசனை’. ‘ஒரே யோசனையாக இருக்கிறது’ என்றால் அவர் திட்டம் தீட்டவில்லை, கலங்கிக்கொண்டிருக்கிறார். ‘ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள்’ என்பது எங்கள் ஆறுதல் மொழி. வெளியூரிலிருந்து வந்த இளம் வைத்தியர் ஒருவரிடம் ஒரு தாய் ‘இரவெல்லாம் யோசிக்கிறேன் ஐயா’ என்று சொன்னபோது, அவர் ‘என்ன முடிவெடுத்தீர்கள்?’ என்று கேட்டதை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு பேசவில்லை.

‘அந்தரம்’ இன்னொரு சொல். நெஞ்சு படபடத்து, ஓரிடத்தில் இருக்கமுடியாமல் தவிப்பது. அந்தரத்தில் தொங்குவது என்ற படம் அதற்குள் இருக்கிறது. ‘மனவருத்தம்’ என்ற கூட்டுச்சொல்லும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்கிடையே உள்ள மனத்தாங்கலைக் குறிக்கும். மனம் என்று முன்னால் போடாமல் வருத்தம் இங்கே மனத்துக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

மனநோயை வருத்தம் என்று சொல்லலாமா?

சொல்லவேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே அதற்கு வழங்கிவந்த சொல் ‘விசர்’, அதாவது பைத்தியம். வசையாகவும் பகடியாகவும் ஒரு நாளில் நூறு தடவை வாயில் வரும் சொல் அது. நோயுற்ற ஒருவரை அந்தச் சொல்லால் குறித்துவிட்டால் பிறகு குடும்பம் அவரை வெளியே அழைத்துச் செல்லக் கூசும். ‘அவருக்கு ஒரு வருத்தம், மருந்து எடுக்கிறார்’ என்று சொன்னால் சீனி வருத்தக்காரருக்குக் கிடைக்கும் அதே மரியாதை கிடைக்கும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநோய்க்கு விடுதி இருக்கிறது. அங்கே போவதும் கிளினிக்குக்குப் போவதுதான்.

போர் எங்கள் சொற்களையும் மாற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் எழுதிய தமிழ் நூலின் பெயர் ‘மனவடு’. இன்று அது நூலின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பெருந்துன்பம் மனத்தில் விட்டுச்சென்ற தழும்பைச் சொல்ல எல்லாரும் எடுக்கும் சொல்லாகிவிட்டது. நாவினால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவர் சொன்ன வடுதான் இது. ‘உளவளத்துணை’ (கவுன்சலிங்) என்ற சொல்லும் ஈழத்தில்தான் பெருவழக்கு. உள்ளத்தின் வளத்துக்குத் துணை நிற்பவர் என்று அந்தப் பணியைச் சொல்வது எவ்வளவு இதமாக இருக்கிறது!

ஆனாலும் முதலில் வாயில் வருவது உடம்புதான். ‘நெஞ்சு பாரமாக இருக்கிறது’, ‘தலைக்குள் விறைக்கிறது’, ‘கை கால் உளைகிறது’, ‘உடம்பெல்லாம் எரிகிறது’. இப்படிச் சொல்லும் ஒருவருக்கு இரத்தம் சோதித்து, படம் பிடித்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது. அதற்காக உடம்பைச் சோதிக்காமல் ‘எல்லாம் மனம்தான்’ என்று சொல்லிவிடுவதும் ஆபத்து. நெஞ்சு பாரம் என்பது மாரடைப்பாகவும் இருக்கலாம். முதலில் உடம்பைப் பாருங்கள், பார்த்த பிறகு எழும்பிவிடாமல் இன்னும் கொஞ்சநேரம் இருந்து கேளுங்கள்.

மனம் தாங்கமுடியாத நேரத்தில் இலங்கை முழுவதிலிருந்தும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

நான் வெளிநாட்டில் உரைபெயர்ப்பாளர். ‘வருத்தம்’ என்று நோயாளர் சொன்னால் எப்படி எடுப்பது?

உடனே எடுக்காதீர்கள். ரொறன்ரோவில் என் மச்சாள் ஒருவர், ‘எனக்கு மூன்று வருடமாக வருத்தம்’ என்று சொன்னதைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த உரைபெயர்ப்பாளர் மூன்று வருடமாகத் துயரத்தில் இருக்கிறார் என்று மாற்றிவிட்டார். இரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக ஆலோசனைக்கு நாள் குறித்தார்கள். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவர் ஊரில் அதுதான் பொருள்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன செய்கிறது?’ என்பதே. ‘உங்களுக்கு என்ன செய்கிறது, எந்த இடத்தில், எப்போதிருந்து?’ என்று கேளுங்கள். குத்து, இடி, உளைவு, கடுப்பு, எரிவு என்று ஒவ்வொரு நோவுக்கும் அவரிடம் பெயர் இருக்கும். அவற்றைக் கேட்டால் வைத்தியருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நோயாளர் ‘யோசனை’, ‘கவலை’, ‘அந்தரம்’ என்றால் அங்கே மனத்தின் கதவு இருக்கிறது. அதையும் தவறாமல் சொல்லுங்கள்.

மருத்துவத் தமிழுக்கு யாழ்ப்பாணத்தில் மரபு உண்டா? அவர்கள் வருத்தம் என்று எழுதினார்களா?

நீண்ட மரபு உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபட்ட செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் இங்கே பரியாரிமாரின் (நாட்டு வைத்தியர்களின்) வீடுகளில் ஏடுகளாக இருந்தவை. 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் (அறுவை மருத்துவம்), கெமிஸ்தம் (வேதியியல்) என்று நூல்களும் தமிழில் வெளிவந்தன. அறுவைச் சிகிச்சையைத் தமிழில் படித்த மாணவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

நூலின் சொற்கள் நோய், ரோகம், வியாதி. வருத்தம் வீட்டின் சொல், நோயாளரின் வாயிலிருந்து வருவது.

வேறு மொழிகளிலும் இப்படி நோயும் துயரமும் ஒரு சொல்லில் கலந்திருக்கின்றனவா?

ஆங்கிலத்தில் ‘மோர்பிட்’ என்ற சொல் இருக்கிறது. இலத்தீனில் மோர்பஸ் என்றால் நோய். மருத்துவ எழுத்தில் இன்றும் அது நோய் சார்ந்ததையே குறிக்கிறது. பொதுப் பேச்சிலோ சாவையும் இருளையும் எண்ணிக்கொண்டே இருக்கும் மனப்போக்குக்கு அந்தப் பெயர். உடம்பிலிருந்து மனத்துக்குப் போன சொல். எங்கள் வருத்தம் போன வழி வேறு.

வருத்தம் பார்க்கப் போகும்போது என்ன முறை?

வெறுங்கையோடு போவதில்லை. தோடம்பழம், முந்திரிகைப் பழம், பால்மா ஏதாவது ஒன்று. முந்திரிகை என்றால் இங்கே திராட்சை. செத்தவீட்டுக்குப் போய்விட்டு அதே உடுப்போடு வருத்தக்காரரின் வீட்டுக்குப் போகக் கூடாது. நீங்கள் போகும்போது அவர் நித்திரை என்றால் எழுப்பாதீர்கள். அதே வருத்தத்தால் இறந்துபோனவர்களின் கதையைக் கட்டிலடியில் இருந்து சொல்லாதீர்கள். இதை எழுதவேண்டி இருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஆனால் எத்தனையோ வீடுகளில் என் காதாலேயே கேட்டுவிட்டேன்.

‘வருத்தம் மாற நேர்த்தி’ என்கிறார்களே, அது என்ன?

நோய் நீங்கினால் இன்னது செய்வேன் என்று கோயிலில் வேண்டிக்கொள்வது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் விடியற்காலையில் வெளிவீதி மணலைப் பார்த்தால் தெரியும். ஆண்கள் ஈரவேட்டியோடு பிரதட்டை பண்ணுவார்கள், அதாவது வீதியில் உருண்டு வருவார்கள். பெண்கள் அடி அழித்து, அதாவது விழுந்து விழுந்து கும்பிட்டபடி வருவார்கள். வேண்டியது பெரும்பாலும் வேறு யாருக்காகவோ இருக்கும். ஒருமுறை தேருக்கு முதல்நாள், முழங்கையெல்லாம் மணல் ஒட்டியிருந்த ஒரு பெண்ணிடம் தண்ணீர்ப் பந்தலில் பேச்சுக் கொடுத்தேன். ‘பிள்ளைக்கு வருத்தம் மாறினதற்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் போனார்.

வள்ளுவர் சொன்ன மெய்வருத்தமும் நாங்கள் சொல்லும் வருத்தமும் அந்த வீதியில் சந்திக்கின்றன. ஓர் உடம்பின் வருத்தம் போவதற்கு இன்னோர் உடம்பு தன்னை வருத்துகிறது.

‘மாறுதல்’ என்றால் குணமாகுதலா?

ஆம். காய்ச்சல் மாறிவிட்டது, புண் மாறிவிட்டது, வருத்தம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் குணமாகிவிட்டது, சரியாகிவிட்டது என்பார்கள். ஒரு நோய் மாறிவிட்டது என்று எழுதினால் வேறொரு நோயாக உருமாறியது என்று அங்கே விளங்கிக்கொள்ள இடமுண்டு. ஆகவே மருந்துத் துண்டிலோ கடிதத்திலோ எழுதும்போது ‘சுகமாகிவிட்டது’ என்று எழுதுவது பாதுகாப்பு.

இளையவர்கள் இந்தச் சொல்லை விட்டுவிடுகிறார்களா?

கொஞ்சம் கொஞ்சமாக. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ‘உடம்பு சரியில்லை’ என்கிறார்கள். ‘வருத்தம்’ என்பதை மனத்துயரத்துக்கே வைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஆனால் அவர்களின் அம்மம்மா ‘எனக்கு வருத்தம் பிள்ளை’ என்று சொல்லும்போது அது எது என்று கேட்டறியத் தெரிந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் அம்மா ஊருக்குத் திரும்பி வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தொய்வு கடைசிவரை மாறவில்லை. விட்டு வந்த கிணற்றின் கட்டிலே பின்னேரங்களில் போய் இருப்பார். திருச்சி அக்காவிடமிருந்து வரும் கடிதங்களை அங்கே வைத்துத்தான் வாசிப்பார். ‘உங்கள் வருத்தம் எப்படி இருக்கிறது அம்மா?’ என்று அவர் கேட்டிருப்பார். எந்த வருத்தத்தைக் கேட்கிறார் என்று நான் ஒருநாள் கேட்டேன். ‘அவளுக்கு இரண்டும் தெரியும்’ என்றார் அம்மா.